ஆற்றை இழந்த மக்கள்



“எங்கப்பாவுக்கு இனிப்புநீர். எனக்கும் வந்துவிட்டது. என் பிள்ளைக்கும் வரத்தானே செய்யும், வாத்தியாரையா?”

லயத்து வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. பெண் கேட்டு வந்தவர்கள், “அந்தக் குடும்பத்தில் இனிப்புநீர் உண்டாம்” என்று கேள்விப்பட்டுத் திரும்பிப் போனதையும் நாம் அறிவோம். இந்த நோய் இரத்தத்தோடு வருகிறதா, வாழும் வாழ்க்கையால் வருகிறதா? விடை தேடி, வெகு தொலைவிலுள்ள ஓர் இனத்தாரின் வரலாற்றைப் பார்ப்போம்.

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் கீலா என்றோர் ஆறு. அதன் கரையில் பன்னூறு ஆண்டுகளாக வாழ்பவர்கள் பீமா மக்கள். தங்கள் மொழியில் அவர்கள் தங்களை ‘ஆற்று மக்கள்’ என்றே சொல்லிக்கொள்கிறார்கள். பாலை நிலத்தில் வாய்க்கால் வெட்டி மக்காச்சோளம், அவரை, பூசணி பயிரிட்டார்கள். பின்னர் கோதுமையும் விளைவித்தார்கள். 1849-இல் பொன் தேடிக் கலிபோர்னியாவுக்குப் போன கூட்டத்தாருக்கு இவர்கள் விற்ற தானியமே வழிச்சோறாயிற்று.

1870-க்குப் பிறகு நிலைமை மாறியது. ஆற்றின் மேற்பகுதியில் குடியேறிய வெள்ளையர்கள் தண்ணீரைத் தங்கள் நிலங்களுக்குத் திருப்பிக்கொண்டார்கள். கீழே ஆறு வறண்டது; வயல் காய்ந்தது; பசி வந்தது. பின்னாளில் அரசாங்கம் கொடுத்த உதவி உணவு என்ன தெரியுமா? வெள்ளை மாவு, சீனி, பன்றிக் கொழுப்பு.

1965-இல் அமெரிக்க அரசின் மருத்துவ ஆய்வாளர்கள் அவர்களிடையே நீண்ட ஆய்வொன்றைத் தொடங்கினார்கள். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேருக்கு இனிப்புநீர் இருந்தது! இதற்குச் சற்று முன்பே, 1962-இல், ஜேம்ஸ் நீல் என்ற மரபியல் அறிஞர் ஒரு கருத்தைச் சொல்லியிருந்தார். சம்பளம் போட்ட வாரத்தில் ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைக்கும் வீட்டுக்காரியைப் போல, பஞ்சம் பழகிய உடல் கிடைத்த உணவைச் சேமிக்கும் குணத்தை மரபில் பெற்றிருக்கலாம் என்றார். அழகான கருத்துதான், ஆனால் முழுமையாக மெய்ப்பிக்கப்படவில்லை. பிற்காலத்தில் அவரே அதைத் திருத்திக்கொண்டார்.

மரபுக்குப் பங்கு உண்டு என்பதில் மட்டும் ஐயமில்லை. 1981-இல் இலண்டனில், ஒரே கருவில் தோன்றிய இரட்டையர்களைப் பற்றிய ஆய்வு வெளியாயிற்று. வயது வந்தபின் தோன்றும் வகை இனிப்புநீர் கண்ட 53 இணைகளில், 48 இணைகளில் இருவருக்குமே நோய் இருந்தது.

தாயிடமிருந்து ஒரு பாதி, தந்தையிடமிருந்து ஒரு பாதி என்று நாம் பெறும் மரபணுக்களில் சிறுசிறு எழுத்து வேறுபாடுகள் உண்டு. 2006-இல் ஐஸ்லாந்து நாட்டு ஆய்வாளர்கள் அப்படியொரு வேறுபாட்டைக் கண்டார்கள். அதைப் பெற்றோரில் ஒருவரிடமிருந்து பெற்றவருக்கு ஆபத்து ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. இருவரிடமிருந்தும் பெற்றவருக்கு இரண்டு மடங்குக்கும் மேல். வேடிக்கை என்னவென்றால், பீமா மக்களிடம் அந்த வேறுபாடு பெரும் பங்கு வகிக்கவில்லை. இன்று நூற்றுக்கணக்கான வேறுபாடுகள் தெரிந்துள்ளன. பெரும்பாலானவை ஒவ்வொன்றும் ஆபத்தைச் சிறிதளவே கூட்டுகின்றன.

சரி, பிறப்போடு எல்லாம் முடிந்துவிட்டதா? ரப்பர் ஒட்டுக் கன்றை நினைத்துப் பாருங்கள். ஒரே தாய்மரத்து மொட்டிலிருந்து வந்த கன்றுகள்தாம். நல்ல மேட்டு நிலத்தில் நட்டதும் தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் நட்டதும் ஒரே அளவு பால் தருமா? வெட்டுக்குப் போகிறவர்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை.

பீமா மக்களின் நெருங்கிய உறவினர் மெக்சிகோ நாட்டின் மலைப்பகுதியில், மைக்கோபா என்ற ஊரில் வாழ்கிறார்கள். கையால் உழைத்துப் பயிர் செய்து, அவரையும் மக்காச்சோளமும் உண்பவர்கள். 2006-இல் வெளியான ஒப்பீட்டின்படி, அரிசோனா பீமா மக்களில் நூற்றுக்கு 38 பேருக்கு இனிப்புநீர். மைக்கோபா பீமா மக்களில் நூற்றுக்கு 7 பேருக்குத்தான்.

ஆகவே அந்தத் தாய்க்கு நாம் சொன்னது இதுதான்: “அம்மா, உங்கள் பிள்ளைக்கு மற்றப் பிள்ளைகளைவிட ஆபத்து கூடுதல். அதை மறைக்காதீர்கள், காலாகாலத்தில் இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள். ஆனால், வந்தே தீரும் என்று யாரும் எழுதி வைக்கவில்லை.” பெண் பார்க்க வந்து திரும்பியவர்களுக்கும் ஒரு சொல் உண்டு. அவர்கள் வீட்டில் எத்தனைபேர் இரத்தம் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்?

ஆற்று மக்களின் கதைக்கு இன்னொரு கட்டமும் உண்டு. நெடுங்கால வழக்குக்குப் பின், 2004-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அவர்களுக்குரிய தண்ணீர்ப் பங்கை உறுதி செய்தது. வாய்க்கால்களில் மீண்டும் நீர் வந்தது. அவர்களுடைய பழைய டெப்பரி அவரை அந்த மண்ணில் மறுபடியும் விளைகிறது.