இலங்கைக்குப் போன பிள்ளையின் படம்

கற்பிட்டியிலிருந்து நேர் மேற்கே மன்னார் வளைகுடாவைக் கடந்தால் கன்னியாகுமரிப் பக்கம் கரையேறலாம். அங்கே அகஸ்தீஸ்வரத்தில் 1975இல் மறைந்தவர் ஜே.சி. டானியல். மலையாளத்தின் முதல் கதைப்படமான 'விகதகுமாரன்' அவர் எடுத்தது. காணியை விற்று, திருவனந்தபுரத்தில் ஸ்டூடியோ கட்டி, இயக்கி, நாயகனாகவும் நடித்தார்.

கதையின் பாதி நம் நாட்டில் நடக்கிறது. திருவிதாங்கூர்ச் செல்வந்தர் வீட்டுப் பிள்ளையை வில்லன் இலங்கைக்குக் கடத்தி வருகிறான். தேயிலைத் தோட்டத்தில் கூலியாகச் சேர்ந்த பையன், வளர்ந்து அங்கேயே சுப்பிரிண்டனாகிறான்.

முதல் காட்சி திருவனந்தபுரம் கபிடல் தியேட்டரில். 1928இலா 1930இலா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. நாயர் பெண்ணாக நடித்த பி.கே. ரோசி தலித் என்பதால் திரைமீது கல் பறந்தது. அவருடைய குடிசைக்கும் தீ வைத்தார்கள். ரோசி லொறியேறித் தமிழ்நாட்டுப் பக்கம் தப்பினார். சுருள் ஆலப்புழைக்குப் போனது. அங்கே படம் மங்கலாகத் தெரிந்து கூச்சல் கிளம்பியபோது, மலையாளத்தின் முதல் படம், சிறு குறை இருக்கும் என்று அறிவிப்பாளர் சொல்ல, சனம் கைதட்டியது. நாகர்கோவில்வரை ஓடியும் போட்ட காசு திரும்பவில்லை. டானியல் ஸ்டூடியோவை விற்றுவிட்டுப் பல் வைத்தியரானார்.

சுருள் வீட்டில் கிடந்தது. அக்காலப் படச்சுருள் நைத்திரேற்று செலுலோயிட். எரியும்போது தனக்கு வேண்டிய ஒட்சிசனைத் தானே தரும். தண்ணீர் ஊற்றினாலும் அணையாது. இலங்கையின் முதல் கதைப்படமான 'ராஜகீய விக்கிரமய' (1925) இந்தியாவிலும் சிங்கப்பூரிலும் ஓடி, சொந்த ஊர் திரும்புமுன் எரிந்துபோனது. டானியலின் சுருளை எரித்தது அவருடைய சின்ன மகன். நீலச் சுவாலை பார்க்க அழகாயிருந்ததாம். பின்னாளில் அந்த மகனே சொன்னார்.

1956இல் மாநிலங்கள் பிரிந்தபோது அகஸ்தீஸ்வரம் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. முதுமையில் டானியல் உதவிப்பணம் கேட்டபோது, தமிழ்நாட்டில் கேளுங்கள் என்றது கேரளம். புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக்காப்பகம் 1964இல் திறந்தபோது, சேர்த்துவைக்க அந்தப் படம் இல்லை.

1992 முதல் கேரள அரசு தன் திரைத்துறை வாழ்நாள் விருதை டானியல் பெயரில் வழங்குகிறது. சுருளில் தீ வைத்தது விவரமறியாத பிள்ளை. கல்லெறிந்தவர்களும், கைவிட்டவர்களும், எல்லை காட்டி அனுப்பியவர்களும் விவரம் தெரிந்த பெரியவர்கள்.