நுங்கம்பாக்கம் கண்ட கோள்கள்

திண்டுக்கல் கோட்டைப் பாறையின் மேல் ஏறி நின்று மேற்கே நோக்கினால், கொடைக்கானல் மலைத்தொடர் நீலக் கோடாய்த் தெரியும். சமவெளியிலே வாழும் நாம் அம்மலையைக் குளிருக்கும் பழத்துக்கும் உரியதென்றே எண்ணிப் பழகிவிட்டோம். அதன் உச்சியில் 1899-இல் தோன்றிய ஞாயிற்று ஆய்வுக்கூடத்துக்குத் தாய்வீடு எது என்று கேட்டவர் எத்தனை பேர்? கோள் என்றதும் நம் வகுப்பு மாணவர் சனியைச் சொல்கிறார்கள். எள் விளக்கேற்றும் கிழமையையும் சேர்த்தே சொல்கிறார்கள். தமிழ் மண்ணில் நின்று கண்டறிந்த கோள் ஒன்றைச் சொல் என்றால் விழிக்கிறார்கள். குற்றம் அவர்களுடையதன்று, சொல்லிக் கொடுக்காத நம்முடையது.

அந்தத் தாய்வீடு, சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கும்பினியார் எழுப்பிய வானாய்வுக்கூடம். கப்பல் செலுத்தவும் நிலம் அளக்கவும் அவர்களுக்கு வானம் தேவைப்பட்டது. நம்மீது கொண்ட காதலால் அல்ல. 1861-இல் அங்கே பொறுப்பேற்றார் நார்மன் போக்சன். அவ்வாண்டு ஏப்ரல் 17 அன்று, செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே ஞாயிற்றைச் சுற்றும் சிறுகோள் ஒன்றைக் கண்டார்.

எப்படிக் கண்டார்? மை தடவிப் பார்த்தா? மந்திரம் ஓதியா? இல்லை, தோழர்களே! வான்படத்தை விரித்து வைத்து, தொலைநோக்கியில் தெரியும் ஒவ்வொரு புள்ளியையும் அதனோடு ஒப்பிட்டார். விண்மீன்கள் தமக்குள் இடம் மாறாமல் நிற்கும். கோளோ இரவுக்கு இரவு நகரும். படத்தில் இல்லாத புள்ளி நகர்ந்தது, அகப்பட்டது!

1801-இல் பியாசி கண்ட சீரிசு முதல் எண்ணினால் இது 67-ஆவது. ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதற் சிறுகோள் என்பதால் ‘ஆசியா’ என்றே பெயரிட்டார். சாபோ (1864), சில்வியா (1866), கமில்லா (1868), வேரா (1885) என மேலும் நான்கு, சென்னை வானில் அவருக்குச் சிக்கின. இவற்றுள் சில்வியாவுக்கு இரண்டு துணைக்கோள்கள் உண்டு என்பது 2005-இல் உறுதியாயிற்று.

அக்கூடத்தின் உதவியாளர் சிந்தாமணி இரகுநாதாச்சாரி 1867-இல் ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தார். பஞ்சாங்கக் கணக்கைக் கண்ணால் காணும் வானத்தோடு பொருந்தத் திருத்தவும் முயன்றார். அவரை அறிந்தோர் இன்று எத்தனை பேர்? பஞ்சாங்கத்தை அறியாதவர் எத்தனை பேர்?

போக்சனின் மகள் எலிசபெத் ஐசிசு. தந்தை ஆக்சுபோர்டில் இருந்தபோது 1856-இல் கண்ட சிறுகோளுக்கு ‘ஐசிசு’ என்ற பெயர் இம்மகளை ஒட்டியே அமைந்தது என்பர். சென்னையில் 1873 முதல் கணக்கராய் உழைத்தார் அவர். 1886-இல் இலண்டன் இராயல் வானியல் கழகத்தில் உறுப்பினராக்க முன்மொழிந்தனர். சாசனத்தில் ‘அவன்’ என்றே இருக்கிறது, பெண்ணுக்கு இடமில்லை என்றனர் சட்ட வல்லுநர்! வானத்துக் கோளுக்குப் பெண்ணின் பெயர் ஆகலாம். மண்ணின் கழகத்தில் பெண்ணுக்கு நாற்காலி ஆகாது! அந்த நாற்காலி 1920-இல்தான் கிடைத்தது.

வேராவுக்குப் பின் 103 ஆண்டுகள் இந்திய மண்ணிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் காணப்படவில்லை. 1988 பிப்ரவரி 17-இல், சவ்வாது மலைக் காவலூரில் ஆர். இராசமோகன் அம்மௌனத்தைக் கலைத்தார். திட்டத்தின் பெயர் ‘கல்கி’. அறிவியலுக்கும் அவதாரம் தேவைப்பட்டது போலும்! ஆனால் கோளுக்குச் சூட்டிய பெயர், ஈரோட்டில் 1887-இல் பிறந்த கணித மேதை இராமானுசனுடையது. சுற்றுப்பாதை ஐயமின்றித் தெரிந்த பின்னரே கோளுக்கு எண் கிடைக்கும். பெயரை முன்மொழியும் உரிமை கண்டவருக்கு. ஒப்புதல் உலக வானியல் ஒன்றியத்துக்கு. அதன் எண் 4130. நாமகிரித் தாயார் கனவில் கணக்குச் சொன்னாள் என்பார் இராமானுசன்; கேம்பிரிட்சில் ஆர்டி கேட்டதோ, கனவை அல்ல, நிறுவலை.

இதையெல்லாம் வகுப்பில் சொல்லி, 4130 என்று கரும்பலகையில் எழுதினோம். கடைசி வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. “ஐயா, இந்தக் கோளுக்கு எந்தக் கிழமை விளக்குப் போட வேண்டும்?”