எண்ணச் சுழற்சி நோய்க்கான உளவியல் சிகிச்சை: ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் பகுதி

எண்ணச் சுழற்சி நோய் உள்ளவரின் மனத்தில் வேண்டாத ஓர் எண்ணமோ ஐயமோ காட்சியோ விடாமல் வந்து மோதும். அந்தப் பதற்றத்தை அடக்க அவர் கையைக் கழுவுவார், பூட்டை இழுத்துப் பார்ப்பார், எண்ணுவார், மனத்துக்குள்ளேயே சில சொற்களைச் சொல்லிக்கொள்வார். பதற்றம் சற்றே தணியும்; சிறிது நேரத்தில் அதே எண்ணம் மறுபடி வரும். ஓ.சி.டி. என்று பரவலாக அறியப்படும் இந்நோய், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் 2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ 0.8 விழுக்காட்டினருக்கு இருக்கிறது. 18 முதல் 29 வயதுக்குள் இது சற்றுக் கூடுதல். பெரும்பாலோர் சிகிச்சைக்கு வந்ததே இல்லை.

அந்த வயதினர்தான் ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் ஆலைகளை நடத்துகிறார்கள். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் ஆலை வந்தது. சுங்குவார்சத்திரத்தில் ஃபாக்ஸ்கான் கைப்பேசிகளைப் பூட்டுகிறது. வெளிமாவட்டங்களிலிருந்து டிப்ளமா, ஐ.டி.ஐ. முடித்த கையோடு வருபவர்கள் வாடகை அறைகளிலும் ஹாஸ்டல்களிலும் தங்குகிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட குடியிருப்பில் மட்டும் 18,720 பெண்கள் தங்கலாம். பொதுக் குளியலறை, காத்திராத கம்பெனி பஸ், மாறிக்கொண்டே இருக்கும் ஷிப்ட் ஆகியவற்றுக்கு நடுவே ஒருவர் ஒன்றரை மணி நேரம் கை கழுவினால் அது மறைவாக நடக்காது.

சரிபார்ப்பது வேறு கதை. லைனில் அதுவே வேலை. போல்ட்டை டார்க் ரெஞ்ச்சால் முறுக்கி, முறுக்கியதற்கு அடையாளமாகப் பெயின்ட் கோடு போட வேண்டும். கோடு கண்ணுக்கு எதிரே இருக்கும்போதும் 'சரியாக முறுக்கினேனா, அந்த வண்டி கவிழ்ந்து யாராவது செத்தால்?' என்ற எண்ணம் அறைக்குத் திரும்பிய பிறகும் விடாவிட்டால், அது பொறுப்புணர்ச்சி அல்ல, நோய். சூப்பர்வைசர் கண்ணுக்கு அவர் கவனமான பையனாகவே தெரிவார். வேலை இந்நோயை உண்டாக்குவதாகச் சொல்ல முடியாது. நோய்க்கு ஒரு நல்ல போர்வையைத் தருகிறது என்பதே சரி. நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் விழுங்குகிறதா, அல்லது வேலையையும் உறவையும் குலைக்கிறதா என்பதே நோயறிதலில் முதன்மையாகப் பார்க்கப்படும்.

இத்தகைய எண்ணம் வருவதே பைத்தியத்தின் அறிகுறி என்று அஞ்சிப் பலர் வாய் திறப்பதில்லை. இலங்கையில் பிறந்து லண்டனில் பணியாற்றிய உளவியலாளர் பத்மால் டி சில்வாவும் ஸ்டான்லி ராக்மனும் 1978இல் வெளியிட்ட ஆய்வு இந்த அச்சத்துக்கு விடை சொன்னது. நோயில்லாதவர்களிலும் பெரும்பாலோருக்கு இதே வகை எண்ணங்கள் வருகின்றன; அவர்கள் அவற்றைப் பொருட்படுத்தாமல் விட்டுவிடுகிறார்கள். சிகிச்சையின் முதல் அமர்விலேயே சொல்லப்பட வேண்டிய செய்தி இது. இதைக் கேட்டுவிட்டு முதன்முறையாக நிம்மதியாக மூச்சு விடுபவர்கள் உண்டு.

இந்நோய்க்கு மிக நன்றாக நிறுவப்பட்ட உளவியல் சிகிச்சை, இ.ஆர்.பி. எனப்படும் 'எதிர்கொள்ளலும் எதிர்வினைத் தடுப்பும்'. லண்டனில் விக்டர் மேயர் 1966இல் இரண்டு நோயாளிகளைப் பற்றி எழுதிய அறிக்கையிலிருந்து இது வளர்ந்தது. அஞ்சும் சூழல்களை 0 முதல் 100 வரை மதிப்பெண் இட்டுப் படிக்கட்டாக வரிசைப்படுத்தி, கீழ்ப்படியிலிருந்து தொடங்குவார்கள். ஹாஸ்டல் குழாயைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் உட்கார்ந்திருப்பது ஒருவருக்கு 30. பஸ் கம்பியைப் பிடித்த கையால் சாப்பிடுவது 80 ஆக இருக்கலாம். பதற்றம் ஏறும், உச்சிக்குப் போகும், கழுவாமலே இறங்கும். இறங்காத நாளிலும் 'பதற்றத்தோடேயே இருக்க முடிந்தது, அஞ்சியது நடக்கவில்லை' என்ற பாடம் மிஞ்சும். பொதுவாக 12 முதல் 20 அமர்வுகள் பிடிக்கும். அமர்வைவிட, இடைப்பட்ட நாள்களில் தானே செய்யும் பயிற்சிக்குத்தான் எடை அதிகம்.

ஆலைத் தொழிலாளிக்கு இதை அப்படியே பொருத்த முடியாது. நிறுவனம் கேட்கும் சரிபார்ப்பை ஒரு முறை செய்தே ஆக வேண்டும். சிகிச்சை கைவைப்பது இரண்டாவது, மூன்றாவது முறையிலும், அறைக்குப் போன பிறகு மனத்துக்குள் ஓட்டிப் பார்க்கும் ஒத்திகையிலும்தான். இந்த எல்லையைத் தெளிவாக வகுக்காத சிகிச்சையாளரை அந்த இளைஞர் நம்பமாட்டார், நம்பாததும் நியாயமே.

பிறரிடம் உறுதி கேட்பதும் கை கழுவுவதைப் போன்ற ஒரு சடங்குதான். "பூட்டிட்டேன்ல மச்சான்?" என்று அறைத் தோழனிடம், "ஒன்னும் ஆகாதுல்லம்மா?" என்று இரவு போனில் அம்மாவிடம். "ஒன்னும் ஆகாதுப்பா" என்று அன்போடு சொல்லப்படும் ஒவ்வொரு பதிலும் நோய்க்குத் தீனி. அம்மாவையும் ஓர் அமர்வுக்கு, போன் வழியாகவாவது, அழைத்து, "இதுக்கு நான் பதில் சொல்ல மாட்டேன் கண்ணு, நீ சமாளிச்சுக்குவே" என்று சொல்லப் பழக்குவது சிகிச்சையின் கடினமான பகுதி.

தீட்டு, தெய்வ நிந்தனை பற்றிய எண்ணங்களும் அடிக்கடி வருபவை. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் கோயில் வாசலில் நிற்கும்போது கெட்ட வார்த்தை மனத்தில் எழுவதாகத் தவிக்கும் பக்தரிடம் பக்தியைக் கைவிடச் சொல்வதில்லை. சேவிப்பது ஒரு முறை போதும், பரிகாரமாக இருபது முறை வேண்டாம் என்பதே கணக்கு.

122 பேரிடம் நடந்து 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வில் இ.ஆர்.பி. பெற்றவர்களில் 62 விழுக்காட்டினரும், குளோமிப்ரமின் மாத்திரை மட்டும் பெற்றவர்களில் 42 விழுக்காட்டினரும், வெற்று மாத்திரை பெற்றவர்களில் 8 விழுக்காட்டினரும் முன்னேறினர். இப்போது ஃபுளூவாக்சமின், செர்ட்ராலின், ஃபுளூவாக்சட்டின் போன்ற மாத்திரைகளே முதலில் தரப்படுகின்றன. மனச்சோர்வுக்குத் தருவதைவிடக் கூடிய அளவு தேவைப்படலாம். பலன் தெரிய எட்டு முதல் பன்னிரண்டு வாரம் ஆகலாம். மாத்திரை அரசு மருத்துவமனையில் கிடைக்கும், இ.ஆர்.பி. பயின்ற உளவியலாளர் கிடைப்பதுதான் அரிது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போய் வந்தால் ஒரு நாள் சம்பளம் போகும். பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்நோய்க்கெனத் தனி கிளினிக் உண்டு. 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த ஷிப்ட் முடிந்தும் தமிழில் பேசலாம்.

ஹெச்.ஆருக்குத் தெரிந்தால் வேலை போய்விடுமோ என்ற பயம் பலரைத் தடுக்கிறது. 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கும் உரிமையைத் தருகிறது. உடல்நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு வழங்க வேண்டும் என்றும் சொல்கிறது. சிகிச்சை முடிந்தவர்களுக்கும் அறிகுறி தலைகாட்டக்கூடும். இரவு ஷிப்டுக்கு மாறும் வாரம், டிரெயினி காலம் முடிந்து வேலை உறுதியாகுமா என்று தெரியாத மாதம் போன்றவற்றை முன்கூட்டியே குறித்துவைத்து, எந்தப் படியிலிருந்து பயிற்சியை மறுபடி தொடங்குவது என்று கடைசி அமர்வுகளில் எழுதிக் கொடுப்பார்கள்.