ஓர்க் குழந்தைகளை என்ன செய்வது?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பாத்திரமேற்று ஆடும் மேசை விளையாட்டை ஆடுகிறவர்களிடம் 'உன் கேரக்டர் எப்படிப்பட்ட ஆள்?' என்று கேட்டுப் பாருங்கள். 'லாஃபுல் குட்' என்றோ 'கேயாடிக் நியூட்ரல்' என்றோ இரண்டே சொல்லில் பதில் வரும். இதற்கு அலைன்மென்ட் என்று பெயர். பாத்திரத்தின் மனசாட்சியே அதில் அடங்கிவிட்டது போலப் பலரும் பேசுவார்கள். ஆனால் அது பிறந்தபோது மனசாட்சிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. எந்த ஜந்து எந்தப் படையில் நிற்கும் என்று பிரிக்க வந்த பட்டியல் அது.

1971இல் கேரி கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் 'செயின்மெயில்' என்ற விதிநூலை வெளியிட்டார்கள். சின்னஞ்சிறு பொம்மை வீரர்களை மேசையில் அணிவகுத்து இடைக்காலப் போர் நடத்துவதற்கான நூல். அதன் பின்பகுதியில் மந்திரவாதிகளும் டிராகன்களும் வந்தார்கள். ஒழுங்கு (லா), நடுநிலை (நியூட்ரல்), குழப்பம் (கேயாஸ்) என்று மூன்று அணிகள். ஹாபிட்டுகள் ஒழுங்கின் அணி, காப்ளின், ஓர்க் என்ற அரக்க இனங்கள் குழப்பத்தின் அணி. உலகமே ஒழுங்கு, குழப்பம் என்ற இரண்டு சக்திகளின் மோதல் என்ற எண்ணம் எழுத்தாளர் போல் ஆண்டர்சனின் நாவலிலும் மைக்கேல் மூர்காக்கின் எல்ரிக் கதைகளிலும் ஏற்கெனவே இருந்தது.

அதே ஆண்டு மினியாபொலிஸ்–செயின்ட் பால் இரட்டை நகரங்களில் டேவ் ஆர்னிசன் 'பிளாக்மூர்' ஆட்டத்தை நடத்திக்கொண்டிருந்தார். இந்த வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். அங்கே நல்லவர்களாக ஆடியவர்களும் இருந்தார்கள், கெட்டவர்களாக ஆடியவர்களும் இருந்தார்கள். ஒருவரின் பாத்திரம் ரத்தக்காட்டேரியாகி, சர் ஃபாங் என்ற பெயரில் மற்றவர்களை ஓட ஓட விரட்டியது. அவரை அடக்க ஒரு ஆள் தேவைப்பட்டது. மைக் கார் ஆடிய பாதிரியார் பாத்திரம் அப்படித்தான் வந்தது. இன்று எல்லோருக்கும் தெரிந்த கிளெரிக் என்ற வகுப்புக்கு மூலம் அதுவே. இன்னொரு முறை, பிளாக்மூர் என்ற அந்தக் கற்பனை ஊரைக் காக்க வேண்டிய வீரர்கள் கோட்டைக்கு அடியில் புதையல் தேடிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து எதிரிகள் பிளாக்மூரைப் பிடித்துவிட்டார்கள். ஆர்னிசன் யாருடைய குணத்துக்கும் மதிப்பெண் போடவில்லை. ஊர் போயிற்று, வீரர்கள் நாடுகடத்தப்பட்டார்கள், ஆட்டம் அங்கிருந்து தொடர்ந்தது. அறத்தை ஆட்டத்துக்குள் கொண்டுவர இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

1974 ஜனவரியில் கைகாக்ஸ், ஆர்னிசன் இருவர் பெயரிலும் டி அண்ட் டி வெளியானது. ஒரு பெட்டி, மூன்று சிறு புத்தகங்கள், முதல் அச்சு 1,000 படிகள். அதே மூன்று அணிகள் அதிலும் இருந்தன. 1976 பிப்ரவரியில் கைகாக்ஸ் ஒரு கட்டுரை எழுதி, ஒழுங்கு–குழப்பம் என்ற கோட்டுக்குக் குறுக்காக நன்மை–தீமை என்று இன்னொரு கோடு போட்டார். 1978இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் அது ஒன்பது கட்டங்களாயிற்று.

அடுத்த ஆண்டு வந்த 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட்' ஒரு படி மேலே போனது. ஆட்டம் நடத்துபவர் ஒவ்வொரு பாத்திரத்தின் நடத்தையையும் கவனித்து வரைபடத்தில் குறித்துவர வேண்டும். அலைன்மென்ட் மாறினால் பாத்திரம் ஒரு நிலை இறங்கிவிடும். பாலடின் என்ற புனித வீரனுக்கு 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கிலேயே கெடுபிடி இன்னும் அதிகம். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைத் தானம் செய்ய வேண்டும், மந்திரப் பொருள்கள் பத்துக்கு மேல் வைத்துக்கொள்ளக் கூடாது, தெரிந்தே ஒரு தீச்செயல் செய்தால் பாலடின் தகுதி நிரந்தரமாகப் போய்விடும். ஆட்டம் நடத்துபவர் நீதிபதியானார். மேசையைச் சுற்றி எத்தனை சண்டை இதனால் வந்தது என்பது ஆடியவர்களுக்குத் தெரியும்.

கைகாக்ஸே எழுதிய 'கீப் ஆன் தி பார்டர்லேண்ட்ஸ்' என்ற சாகசத்தில் குழப்பக் குகைகள் என்று ஒரு மலையிடுக்கு வரும். ஓர்க்குகளின் பொதுக்கூடத்தில் ஆண்களோடு பெண்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள். குழந்தைகள் சண்டையிட மாட்டார்கள் என்று ஒரு சிறு குறிப்பு. அதற்குமேல் ஒன்றும் இல்லை. மடிப்பாக்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் கல்லூரிப் பிள்ளைகளுக்கு இந்தச் சாகசத்தை நடத்தினேன். அந்த அறைக்கு வந்ததும் கிளெரிக்காக ஆடிய பையன், "அக்கா, இதுங்கல்லாம் கேயாடிக்தானே? விட்டா நாளைக்கு ஊருக்குள்ள வரும்" என்றான். திருடியாக ஆடிய பெண் பகடையைக் கீழே வைத்துவிட்டாள். "இன்னிக்கு அதுங்க என்னடா செஞ்சுது?" அரை மணி நேரம் வாதம் நடந்தது. நான் வாயே திறக்கவில்லை. ஒன்பது கட்டங்களில் எதைப் புரட்டினாலும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. கடைசியில் குழந்தைகளைப் பெண்களோடு மலைக்கு அந்தப்பக்கம் போக விட்டார்கள்.

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: பாத்திரங்களின் ஒழுக்கத்தை அலைன்மென்ட்டைவிட, நிலை உயரச் சேர்க்கும் அனுபவப் புள்ளிதான் தீர்மானித்தது. பழைய விதிப்படி மீட்டுக் கொண்டுவரும் ஒரு பொற்காசுக்கு ஒரு புள்ளி. 1981இல் டாம் மோல்ட்வே திருத்திய பதிப்பில் ஓர்க்கை வீழ்த்தினால் 10 புள்ளி. 100 பொன் பெறுமானமுள்ள ரத்தினத்தைத் தூக்கி வந்தால் 100. அப்படியிருக்க யார் வாளை உருவுவார்கள்? ஏமாற்று, பேரம் பேசு, தூங்கும்போது எடுத்துக்கொண்டு ஓடு. அது திருட்டுத்தான், ஆனால் கொலை கடைசி வழியாக இருந்தது. 1989இன் இரண்டாம் பதிப்பில் பொன்னுக்குப் புள்ளி என்பது விருப்ப விதியாகச் சுருங்கியது. சாத்தான் வழிபாட்டைக் கற்பிக்கும் ஆட்டம் என்று அமெரிக்காவில் பத்தாண்டாகக் கூச்சல் எழுந்த பிறகு வந்த பதிப்பு அது. பேய்களின் பெயர்களை மாற்றினார்கள், கூலிக் கொலைகாரன் என்ற வகுப்பை எடுத்தார்கள். ஆனால் அரக்கர்களை வீழ்த்துவதே புள்ளிக்கு முதன்மையான வழியானது. பார்வைக்குச் சுத்தமான பதிப்பில்தான் கொலைக்குக் கூலி கூடியது!

இதற்கு நேர்மாறாக ஒருவர் யோசித்தார். 1985இல் கிரெக் ஸ்டாஃபோர்ட் ஆர்தர் மன்னர் கதைகளை வைத்து 'பென்டிராகன்' எழுதினார். அதில் கருணை–கொடூரம், துணிவு–கோழைத்தனம் என்பதுபோல் 13 இணைகள். ஒவ்வொரு இணையின் கூட்டுத்தொகையும் 20. கருணை 12 என்றால் கொடூரம் 8. நெருக்கடி வரும்போது இருபது முகப் பகடையை உருட்ட வேண்டும். கருணை மிக்க வீரனும் ஒரு நாள் தவறலாம். செய்யச் செய்ய எண்கள் நகரும், குணம் பழக்கத்தால் உருவாகும். ஒன்பது கட்டங்களைவிட மனிதர்களை நன்றாக அறிந்த விதி இது.

டி அண்ட் டியின் 2014 பதிப்பில் அலைன்மென்ட் பெயருக்கு மட்டும் இருக்கிறது. மாறினால் தண்டனை இல்லை. 2020இல், ஓர்க்குகளையும் டிரோ என்ற இருண்ட எல்ஃப் இனத்தையும் பிறவியிலேயே தீயவர்களாகக் காட்டும் வழக்கத்தைக் கைவிடுவதாக, ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் அறிவித்தது. நல்ல முடிவு, தாமதமாக வந்தது.

எங்கள் மேசையில் மட்டும் பொன்னுக்குப் புள்ளி என்ற பழைய விதியே நடக்கிறது. அதே குழப்பக் குகைகளில் ஓகர் என்ற ராட்சத ஜந்து ஒன்று உண்டு. ஆபத்து வந்தால் காப்ளின்கள் 250 பொற்காசு மூட்டையை அதனிடம் எறிந்து துணைக்குக் கூப்பிடும். பிள்ளைகள் இதைத் தெரிந்துகொண்டதும் தங்கள் பையை அவிழ்த்து எண்ணி, 300 கொடுத்து ஓகரை அந்த இரவு மட்டும் குகைக்குள்ளேயே இருக்கச் சொன்னார்கள்.