ஏகாதசிக் கூட்டமும் காலரா ஊசியும்

வைகுண்ட ஏகாதசிக்கு ஸ்ரீரங்கம் வருகிறவர்களுக்குக் காலரா ஊசி போட்ட காலம் ஒன்று இருந்தது. பரமபத வாசல் திறப்பைச் செல்போனில் பார்க்கிற என் அக்கா பேரனிடம் இதைச் சொன்னால், "கோயிலுக்குப் போறதுக்கு எதுக்குப் பாட்டி ஊசி?" என்கிறான். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல, கான்ஸ்டான்டிநோபிள் வரை போய்விட்டு வர வேண்டும்.

என் அப்பா சுகாதாரத் துறையில் கடைநிலை ஊழியர். வருஷம் முழுக்க அம்மை குத்துவார். திருவிழா வந்தால் காலரா டூட்டி. அறுபதுகளில் நான் பள்ளிக்கூடச் சிறுமி. சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு அம்மா மண்டபம் பக்கம் அவர் உட்கார்ந்திருக்கும் பந்தலுக்குப் போவேன். ஒரு மேஜை, ஒரு ஸ்பிரிட் அடுப்பு, அதன் மேல் கொதிக்கிற தட்டில் கண்ணாடி சிரிஞ்சும் நாலைந்து ஊசிகளும். முனை மழுங்கின ஊசியைச் சின்னச் சாணைக்கல்லில் தீட்டி, நகத்தில் இழுத்துப் பார்த்துவிட்டு, திரும்பவும் கொதிக்கப் போடுவார். மருந்து கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டிலிருந்து வரும். பாட்டிலைக் குலுக்கினால் மங்கலாகக் கலங்கும். செத்த கிருமிகள்தான் அந்தக் கலங்கல். ஊசி போட்டுக்கொண்டவருக்கு ராத்திரி கை வீங்கும், ஜுரம் வரும். அரையர் சேவை கேட்க ஆசையாக வந்த பெரியவர் மண்டபத் தூணோரம் போர்த்திக்கொண்டு முனகுவார். இதைத் தெரிந்துகொண்டவர்கள் பந்தலைக் கண்டதும் சந்துக்குள் நழுவிவிடுவார்கள். முத்திரை குத்திய ஒரே சீட்டு நாலு பேர் கையில் சுற்றியதையும் பார்த்திருக்கிறேன்.

ஊசியைவிட அப்பாவுக்கு முக்கியம் பக்கத்தில் இருந்த நீள நோட்டு. பெயர், வயசு, எந்த ஊரிலிருந்து வருகிறார், வழியில் எங்கே தங்கினார். "ஊசி தப்பிச்சாலும் பரவாயில்லம்மா, ஊர் பேரை விட்டுறக் கூடாது" என்பார். திருவிழா முடிந்து பத்து நாளில் எங்கோ ஒரு கிராமத்தில் வாந்திபேதி என்று தந்தி வந்தால், அந்த ஊரிலிருந்து யார் வந்தார்கள், யாரோடு வந்தார்கள் என்று அந்த நோட்டில்தான் தேடுவார்கள்.

காலரா நம் பக்கம் வந்த கதை பழையது. 1817இல் வங்காளத்து ஜெஸ்ஸூரில் பெரிதாகக் கிளம்பியது, 1818இல் சென்னை மாகாணத்துக்குள் இறங்கியது. அதற்கு முன்பும் பேதி இருந்தது. ஆனால் காலையில் வயலுக்குப் போனவன் சாயங்காலம் பாடையில் போவது புதுசு. கும்பினி சர்க்கார் பயந்துபோய், மாகாணம் முழுக்க இருந்த ராணுவ டாக்டர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. எப்போது வந்தது, காற்று எந்தத் திசை, எந்தப் படைப்பிரிவில் எத்தனை பேர் செத்தார்கள் என்று கேட்டு வாங்கிய பதில்களை வில்லியம் ஸ்காட் என்பவர் தொகுத்து 1824இல் அறிக்கையாக வெளியிட்டார். திருச்சிராப்பள்ளி அப்போது பெரிய தண்டு இருந்த ஊர். ஸ்காட்டின் அறிக்கையில் விடை இல்லை; ஆளுக்கொரு அபிப்பிராயம். ஆனால் நம் மாகாணத்தில் ஒரு நோயைப் பற்றி இவ்வளவு பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டு எழுதி வாங்கியது அதற்கு முன் நடந்ததாக நான் படித்ததில்லை. நான் பின்னாளில் செய்த வேலைக்குப் பூட்டன் அந்தக் கேள்வித்தாள்தான் என்று நினைத்துக்கொள்வேன். அறிக்கை வந்த மூன்றாம் வருஷம், 1827இல், கவர்னர் தாமஸ் மன்றோவே பத்திகொண்டாவில் காலராவில் போனார்.

யாத்திரிகர்கள் மேல் பார்வை திரும்பியது 1865இல். அந்த வருஷம் ஹஜ் யாத்திரையில் ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். நோய் எகிப்து வழியாக ஐரோப்பாவுக்குப் போனது. 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் பல தேசத்துப் பிரதிநிதிகள் கூடி, காலராவின் தாய்வீடு கங்கைச் சமவெளி, அதைப் பரப்புவதில் இந்தியாவின் யாத்திரைக் கூட்டங்களுக்குப் பெரிய பங்கு என்று முடிவு கட்டினார்கள். மறு வருஷம் ஹரித்வார் கும்பமேளா முடிந்து ஊர் திரும்பியவர்களோடு காலராவும் வட இந்தியா முழுக்கப் போனது; கேட்கவே வேண்டாம். அதிலிருந்து எங்கே திருவிழா என்றாலும் சர்க்காருக்கு ஒரு கண். ரயில் வேறு 1862இலேயே திருச்சிக்கு வந்துவிட்டது. நடந்து வந்தால் வழியிலேயே படுத்துவிடுகிற நோயாளி, ரயிலில் வந்தால் காவிரிப் படித்துறை வரை வந்துவிடுவார்.

யாத்திரையை நிறுத்திவிடவும் சர்க்காருக்குத் துணிவில்லை. 1857 சிப்பாய்க் கலகத்தை அவர்கள் மறக்கவில்லை. போதாக்குறைக்கு, இந்திய சர்க்காரின் சுகாதாரக் கமிஷனர் கன்னிங்ஹாம், காலரா மனிதரிடமிருந்து மனிதருக்கு வருவதில்லை, காற்றும் மண்ணும்தான் காரணம் என்று கடைசி வரை சாதித்தார். சென்னை மாகாணத்தின் சுகாதாரக் கமிஷனர்கள் கொஞ்சம் வேறு மாதிரி. கார்னிஷ், தென்னிந்தியக் காலராவின் வரலாற்றைத் தாலுகா தாலுகாவாகத் தேடித் தொகுத்து 1871இல் புத்தகம் போட்டார். பின்னால் வந்த ஃபர்னல், தண்ணீர்தான் குற்றவாளி என்று 1887இல் ஒரு புத்தகமே எழுதினார். கார்னிஷ் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் நிவாரண வேலை முகாம்களில் கூலியைக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிளோடு, இந்தச் சோறு உயிர் தரிக்கப் போதாது என்று மல்லுக்கு நின்றவர் அவர். 1877 ஒரு வருஷத்தில் மட்டும் சென்னை மாகாணத்தில் காலராவில் பதிவான சாவு மூன்றரை லட்சத்துக்கு மேல்.

இந்த எண்கள் எங்கிருந்து வந்தன? இங்கேதான் சரித்திரப் புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப் போய்விடுகின்றன. கிராம முன்சீப் எழுதினார். அவருக்குச் சொன்னவர் வெட்டியான். பதிவேட்டில் சாவுக்குச் சில கட்டங்களே: காலரா, அம்மை, ஜுரம், பேதி, காயம், இதர. காலராவுக்கும் பேதிக்கும் நடுவே இருந்த கோடு முன்சீப்பின் மனசில்தான் இருந்தது. மாசக் கடைசியில் உட்கார்ந்து மொத்தமாக எழுதியவர்களும் உண்டு. பிணத்தைத் தூக்கியவன் சொன்னதை, படித்தவன் ஒருவன் எழுதி, தாலுகா கச்சேரிக்கு அனுப்பி, அது கலெக்டர் வழியாகச் சென்னைக்குப் போனது. இவ்வளவு ஓட்டை உடைசலோடு வந்த கணக்கை வைத்துத்தான் 1920களில் மாகாணப் பொதுச் சுகாதார இயக்குநர் ரஸ்ஸலும் அவருடைய சகாவான சுந்தரராஜனும் காலரா எந்த மாசத்தில் எந்த ஜில்லாவில் ஏறுகிறது, எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை அலை வருகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு கிராமத்தின் தப்பு பல்லாயிரம் கிராமங்களின் கணக்கில் அமுங்கிப் போகிறது. அலை மட்டும் நிற்கிறது. 1980இல் முன்சீப், கர்ணம் பதவிகளை எடுத்தபோது அவர்களின் அடாவடியைப் பற்றி நிறையப் பேசினார்கள், சரிதான். இந்த ஒரு வேலைக்காக யாரும் அவர்களுக்கு நன்றி சொல்லவில்லை.

ஊசி வந்தது ஹாஃப்கின் என்ற ஒடெஸாக்காரரால். 1893இல் இந்தியா வந்தார். கல்கத்தா சேரிகளில் ஒரே வீட்டில் சிலருக்கு ஊசி போட்டு, போடாதவர்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார். அந்த முறை அருமையானது. அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அவ்வளவு கவனமாக யாரும் சோதிக்காமலேயே ஊசி மட்டும் ஊர் ஊராகப் போனது. 1939இல் இந்தியாவிலேயே முதலாவதாக வந்த சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டத்தில் திருவிழாக்களுக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. திருவிழா என்றால் தண்ணீர், கக்கூஸ், தற்காலிக ஆஸ்பத்திரி, கிணற்றுக்கு மருந்து என்று ஒரு படையே இறங்கும். பெர்மாங்கனேட் போட்ட கிணற்றுத் தண்ணீர் ரோஜா நிறமாக இருக்கும். அதில் எப்படிச் சமைப்பது என்று எங்கள் தெருப் பெண்கள் அப்பாவிடம் சண்டைக்கு வருவார்கள்.

ஸ்ரீரங்கத்துக்கு நோயாளிகளைக் கவனிப்பது புதுசல்ல. கோயிலுக்குள்ளேயே ஆரோக்கியசாலை இருந்தது. ஹொய்சளர் காலத்தில் ஏற்பட்டு, படையெடுப்பில் சிதைந்ததை கருடவாகன பட்டர் மறுபடி நிறுவிய செய்தி 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டில் இருக்கிறது. தன்வந்திரி சன்னிதி அந்த நினைவில்தான் நிற்கிறது. கொள்ளிடத்துக்கு அக்கரையில் சமயபுரத்தாள் வேறு, மாசிக் கடைசியில் பக்தர்களுக்காகத் தானே 28 நாள் பச்சைப் பட்டினி இருக்கிறாள். அப்பா இரண்டு இடத்துக்கும் போவார். மறுநாள் காலையில் நோட்டோடு டூட்டிக்கும் போவார். இதில் முரண்பாடு இருப்பதாக அவர் நினைத்ததில்லை, நானும் நினைக்கவில்லை.

அறுபதுகளில்தான் ஊசியை ஒழுங்காகச் சோதித்தார்கள். டாக்காவுக்குப் பக்கத்து மத்லப், கல்கத்தா, பிலிப்பைன்ஸ் என்று நடந்த சோதனைகளில் தெரிந்தது இது: பாதிப் பேருக்குத்தான் காப்பு, அதுவும் சில மாசம்தான். ஊசி போட்டுக்கொண்டவரும் கிருமியைச் சுமந்து போகலாம். 1973இல் உலக சுகாதார மாநாடு, பயணிகளுக்குக் காலரா ஊசிச் சான்றிதழ் கேட்கும் விதியையே எடுத்துவிட்டது. நம் திருவிழாப் பந்தல்களும் மெல்லக் காணாமல் போயின. என் தீர்ப்பு இதுதான்: அப்பா போட்ட ஊசிகளால் பெரிய லாபமில்லை. காவிரித் தண்ணீரைக் கம்பரசம்பேட்டையில் எடுத்துக் குழாயில் விட்டது அதைவிடப் பல மடங்கு உயிரைக் காத்தது. 1971இல் வங்கதேச அகதி முகாமில் திலீப் மஹலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைக் கொடுத்துச் சாவை நூற்றுக்கு 30இலிருந்து 4க்கும் கீழே இறக்கினார். ஊசி தோற்றது. நோட்டு தோற்கவில்லை.

நான் பி.எஸ்.ஸி. முடித்து, சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஆராய்ச்சி உதவியாளராகச் சேர்ந்தேன். பேர்தான் ஆராய்ச்சி. வேலை மலப் பரிசோதனை. வந்த சாம்பிளைக் காரத்தன்மையுள்ள பெப்டோன் தண்ணீரில் சில மணி நேரம் வைத்து, பச்சை நிற டி.சி.பி.எஸ். தட்டில் இழுத்துவிட்டுப் போனால், காலையில் காலராக் கிருமி மஞ்சள் பொட்டு பொட்டாக வளர்ந்திருக்கும். ஒரு பொட்டைக் கம்பி வளையத்தில் எடுத்து, கண்ணாடித் துண்டில் உப்புத் தண்ணீரில் கரைத்து, ஓ1 ஆன்டிசீரம் ஒரு சொட்டு விட்டு, துண்டை இப்படியும் அப்படியும் சாய்ப்போம். காலராவாக இருந்தால் சில விநாடியில் பால் திரிந்தது போல் திரள் திரளாகும்.

1992 அக்டோபரில் திரளவில்லை. நோயாளிக்கு அப்பட்டமான காலரா, அரிசி கழுவிய தண்ணீராகப் போகிறது. தட்டில் மஞ்சள் பொட்டு. கண்ணாடியில் ஒன்றும் நடக்கவில்லை. ஆன்டிசீரம் காலாவதியாகிவிட்டதா என்று முதலில் பாட்டிலைத்தான் பார்த்தோம். மருந்து நன்றாகத்தான் இருந்தது, கிருமிதான் வேறு. அதுவரை தெரிந்த ஓ வகைகள் 138. அதில் ஓ1 மட்டுமே ஊரையே வாரிக்கொண்டு போகும் என்பது பாடம். புதிதாக வந்தது எதிலும் சேரவில்லை. சில வாரங்களில் கல்கத்தாவில் பரவியது, பிறகு வங்கதேசம். ஓ1 வந்து பழகிய உடம்புக்கும் இதனிடம் காப்பு இல்லை என்பதால் பெரியவர்கள்தான் அதிகம் விழுந்தார்கள். டோக்கியோவில் ஆராய்ந்து ஓ139 என்று எண் கொடுத்தார்கள். கூடவே பெங்கால் என்று பேரும். முதலில் கண்ணில் பட்டது சென்னையில். வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய்.

நான் அப்போது பாதி நாள் ஆய்வுக்கூடத்தில், பாதி நாள் தெருவில். கையில் கேள்வித்தாள். எந்தக் குழாய்த் தண்ணீர், கொதிக்க வைத்தீர்களா, வீட்டில் வேறு யாருக்கு, சமீபத்தில் எந்த ஊருக்குப் போய் வந்தீர்கள். சாம்பிள் கேட்டால் முகத்தைச் சுளிப்பார்கள். "படிச்ச பொண்ணு, இதையா கேட்டு வாங்கிட்டுப் போறே?" என்று ஒரு அம்மாள் கேட்டார். ஆமாம் என்றேன்.

இப்போது ஓய்வு பெற்று ஸ்ரீரங்கத்திலேயே இருக்கிறேன். அக்கம்பக்கத்தில் யாருக்காவது நிற்காமல் பேதி என்றால் என்னைத்தான் கேட்கிறார்கள். நான் சொல்வது எப்போதும் ஒன்றுதான். முதலில் உப்பு சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். அங்கே சாம்பிள் கேட்டால் கூச்சப்படாமல் கொடுங்கள். ஆன்டிபயாடிக் முதல் மாத்திரையை விழுங்குவதற்கு முன்னால் கொடுங்கள், விழுங்கிய பிறகு கிருமி தட்டில் வளராமல் போகலாம். மருந்துக்கடையில் நீங்களாக வாங்கி விழுங்கிவிட்டுப் போயிருந்தால், அதையும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்கள்.