தாய்மையும் சர்க்கரைச் சோதனையும்

சிறுநீரை எறும்பு மொய்ப்பது கண்டு நம் முன்னோர் இந்நோயை மதுமேகம் என்றனர். நீர் மிகுதியாக இழிவதால் நீரிழிவு என்னும் பெயரும் வழங்கிற்று. நோயாளியின் சிறுநீரில் இருப்பது சர்க்கரையே என்பதையும், குருதியிலும் அவ்வினிமை உண்டு என்பதையும் 1776-ஆம் ஆண்டில் லிவர்ப்பூல் மருத்துவர் மாத்யூ டாப்சன் வெளியிட்டார்.

நோயுற்றவரை அறிய இஃது உதவிற்று. நோய் வரக்கூடியவரை முன்னரே அறிவது எங்ஙனம்? இவ்வினாவுக்குத் தாய்மார்களிடமிருந்தே விடை கிடைத்தது. அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஜான் ஓ சல்லிவன் என்பார் 752 கர்ப்பிணிகளைக் குளுக்கோஸ் நீர் பருகச் செய்து, குருதியைச் சோதித்தார். 1964-இல் கிளேர் மாஹனுடன் சேர்ந்து அளவுகளை வகுத்தார். அவ்வளவைக் கடந்த பெண்கள் பிற்காலத்தில் நீரிழிவுக்கு ஆளாகும் வாய்ப்பு மிகுதி என்று கண்டனர்.

ஆயின் அச்சோதனைக்கு வெறும் வயிற்றோடு வருதல் வேண்டும். மூன்று மணி நேரத்தில் நான்கு முறை குருதி கொடுத்தலும் வேண்டும். 2022 வரை சித்தூர் மாவட்டத்திலும் அதன்பின் திருப்பதி மாவட்டத்திலும் அமைந்த வரதய்யபாளையம் போன்ற சிற்றூரை எண்ணிப் பார்ப்போம். பேருந்தேறி மருத்துவமனைக்கு வந்த கர்ப்பிணியிடம், "நாளை உண்ணாமல் வாருங்கள்" என்றால், அவர் மீண்டும் வருவாரோ? சென்னை மருத்துவர் வி. சேஷையாவும் அவர்தம் குழுவினரும் இதற்கு வழி கண்டனர். உண்டு வந்தாலும் உண்ணாது வந்தாலும் 75 கிராம் குளுக்கோஸை நீரிற் கலந்து பருகியபின், இரண்டு மணி கழித்து ஒரு முறை குருதி எடுத்தல் போதும் என்றனர். இந்திய அரசின் வழிகாட்டு நெறியும் இதனை ஏற்றது. 100 மில்லி லிட்டருக்கு 140 மில்லிகிராமோ மேலோ இருப்பின் அது கர்ப்பகால நீரிழிவு. முதற் சோதனையில் குறைவாயின், 24 முதல் 28 வாரங்களுக்குள் மறுமுறை சோதிப்பர்.

அளவு மிகுந்ததெனின் அஞ்சவேண்டுவதில்லை. உணவு ஒழுங்கும் நடையும் பலருக்குப் போதும். போதாதவருக்கு மருந்து உண்டு. நாம் தவறுவது மகப்பேற்றுக்குப் பின்னரே. சர்க்கரை இறங்கியதும் சோதனைச் சீட்டைப் பரணில் வைத்துவிடுகிறோம். ஆறு வாரங்கழித்து, இம்முறை வெறும் வயிற்றோடு சென்று, மீண்டும் அதே சோதனையைச் செய்தல் வேண்டும். வெறும் வயிற்றில் 126 அல்லது இரண்டு மணிக்குப்பின் 200 எட்டினால் நீரிழிவு. இரண்டு மணி அளவு 140 முதல் 199 வரை இருப்பின் எச்சரிக்கை. அளவு குறைந்திருப்பினும் ஆண்டுதோறும் சோதித்தல் நலம்.

ஆறாம் வாரத்தில் குழந்தைக்குத் தடுப்பூசி போடத் தாய் தவறாது செல்கிறார். அன்று காலையிலேயே தம் குருதியையும் சோதித்துக் கொள்ளட்டும்.