வாடகைக் குடியிருப்பாளருக்குச் சட்டம் தரும் பாதுகாப்பு எவ்வளவு?

"வீட்டுக்காரர் எழும்பச் சொல்லிவிட்டார்" என்ற வார்த்தைகளின் பாரம் சொந்த வீட்டில் வாழ்வோருக்கு எளிதில் விளங்குவதில்லை. பிள்ளைகளின் பாடசாலை, தொழில் புரியும் இடம், முதியவர்களின் மருத்துவ வசதி, அருகிலுள்ள கோயில் அல்லது பள்ளிவாசல் என்று வாடகைக்குக் குடியிருக்கும் குடும்பத்தின் வாழ்க்கை ஒழுங்கு முழுவதும் அந்த ஒரு முகவரியைச் சுற்றியே அமைந்துவிடுகிறது. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெஹிவளை, மருதானை போன்ற பகுதிகளில் வாழும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் இதனை நன்கறிவர்.

இவ்வாறு எழும்பச் சொல்லப்படும்போது பலர் பிழையான நம்பிக்கையொன்றின் அடிப்படையிலேயே நடந்துகொள்கின்றனர். இலங்கைச் சட்டம் குடியிருப்பவனின் பக்கமே நிற்கும், வழக்கைப் பல வருடங்களுக்கு இழுத்தடிக்கலாம் என்று ஒரு சாரார் கருதுகின்றனர். வீடு அவருடையது, அவர் சொன்னால் போகத்தானே வேண்டும் என்று மற்றொரு சாரார் மூட்டை கட்டுகின்றனர். தமக்குப் பொருந்துவது எந்தச் சட்டம் என்பதை இரு சாராரும் விசாரித்தறிவதில்லை. ஒரே வீதியில் அடுத்தடுத்துள்ள இரு வீடுகள் இரு வேறு சட்டங்களின் கீழ் இருக்கக்கூடும் என்பதே இந்த விடயத்தில் முதலில் அறிந்துகொள்ள வேண்டியதாகும்.

யுத்த காலத்தில் பிறந்த சட்டம்

இரண்டாம் உலக யுத்தத்தின்போது வீட்டுத் தட்டுப்பாட்டைப் பயன்படுத்தி வாடகை உயர்த்தப்படுவதைத் தடுப்பதற்காக 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. யுத்தம் முடிந்த பின்னரும் தட்டுப்பாடு நீங்கவில்லை. அதன் இடத்தை 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், பின்னர் ஐக்கிய முன்னணி ஆட்சியின்போது 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் எடுத்துக்கொண்டன. அடுத்த ஆண்டில் வந்த வீட்டுச் சொத்து உச்சவரம்புச் சட்டமோ இதற்கு அப்பாலும் சென்றது. ஒரு குடும்பம் தங்கி வாழும் பிள்ளைகளின் எண்ணிக்கையுடன் மேலும் இரண்டு வீடுகளை மாத்திரமே வைத்திருக்கலாம் என வரையறுத்ததுடன், மேலதிக வீடுகளை அவற்றில் குடியிருந்தோரே வாங்கவும் அது வழி செய்தது. இன்று கொழும்பில் சொந்த வீட்டுக்காரர்களாக உள்ள சிலரின் உறுதிகள் அந்தச் சட்டத்திலிருந்தே தொடங்குகின்றன.

1972ஆம் ஆண்டுச் சட்டத்தின் அத்திபாரம் நியம வாடகை என்பதாகும். 1968ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் உள்ளூராட்சி மன்றத்தின் வரி மதிப்பீட்டில் காணப்பட்ட வருடாந்தப் பெறுமதியே அதற்கு அடிப்படையாகக் கொள்ளப்பட்டது. அதன் பின்னர் முதன்முறையாக மதிப்பிடப்பட்ட கட்டடங்களுக்கு அந்த முதல் மதிப்பீடு எடுத்துக்கொள்ளப்பட்டது. வரி உயர்வு போன்ற, சட்டம் அனுமதித்த காரணங்களுக்காகவன்றி அதற்கு மேல் வாடகை அறவிட முடியாது. வீட்டைத் தருவதற்கென 'கீ மணி' கேட்பதும், மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் பெறுவதும் தடை செய்யப்பட்டன. பிணக்குகளை விசாரிக்க வாடகைச் சபைகளும், அவற்றின் தீர்மானங்களுக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு மீளாய்வுச் சபையும் ஏற்படுத்தப்பட்டன.

வெளியேற்றம் தொடர்பான 22ஆம் பிரிவு இச்சட்டத்தின் இதயம் எனலாம். வாடகை நிலுவை, சொந்தக்காரருக்கோ அவரது குடும்பத்தவருக்கோ அவ்விடம் நியாயமாகத் தேவைப்படல், அயலவர்களுக்குத் தொல்லை விளைவித்தல், கட்டடத்தைப் பழுதடைய விடல் போன்ற, சட்டம் கூறும் காரணங்களில் ஒன்றேனும் நிரூபிக்கப்பட்டாலன்றி நீதிமன்றம் வெளியேற்றக் கட்டளை வழங்காது. எழுத்துமூல அனுமதியின்றி உள்வாடகைக்கு விடுதலும் வழக்கிடுவதற்குப் போதுமான காரணமாகும். நியம வாடகை மாதம் 100 ரூபாவுக்கு மேற்படாத இடங்களில் மூன்று மாதங்கள் நிலுவை இருந்தாலே வழக்கிடலாம். அதற்கு மேற்பட்டவற்றில் ஒரு மாதம் போதும். முதற்தடவை நிலுவை ஏற்பட்டவருக்கு மூன்று மாத அறிவித்தல் வழங்கப்பட வேண்டும். வழக்குத் தாக்கலாவதற்கு முன்னர் நிலுவை முழுவதையும் அவர் செலுத்த முன்வந்தால் அந்தக் காரணம் அற்றுப்போகும்.

இச்சட்டத்தில் குடியிருப்பவர்கள் கவனிக்கத் தவறும் மேலும் சில ஏற்பாடுகள் உள்ளன. ஆள் குடியிருக்கும்போதே வீட்டை விலைக்கு வாங்கிய ஒருவர், தமக்கு அது தேவை என்று கூறி இலகுவில் வழக்கிட முடியாது. குடியிருந்தவர் இறந்தால், அவருடன் வாழ்ந்த வாழ்க்கைத் துணைக்கோ பிள்ளைக்கோ 36ஆம் பிரிவின் கீழ் அவ்வுரிமை செல்லும். வீட்டுக்காரர் வேண்டுமென்றே வாடகையை வாங்க மறுத்து, பின்னர் 'நிலுவை' என்று வழக்கிடும் தந்திரத்தைச் சட்டவாக்கத்தினர் நன்கு அறிந்திருந்தனர் போலும். அவ்வாறான நிலையில் மாநகர சபையிலோ ஏனைய உள்ளூராட்சி மன்றத்திலோ அதற்கென அதிகாரமளிக்கப்பட்டவரிடம் வாடகையை வைப்பிலிட்டுப் பற்றுச்சீட்டுப் பெற 21ஆம் பிரிவு இடமளிக்கிறது. வழக்குகளில் அந்தச் சிறு துண்டுக் கடதாசி பெரும் சாட்சியாகிவிடும்.

சுருங்கிய பாதுகாப்பு

ஆயினும் இப்பாதுகாப்பு இன்று யாருக்கு உரியது? 1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தம், அவ்வாண்டு ஜனவரி 1ஆம் திகதி சொந்தக்காரரே குடியிருந்து, பின்னர் வாடகைக்கு விட்ட வீடுகளையும், அத்திகதிக்குப் பின்னர் கட்டி வாடகைக்கு விடப்பட்ட வீடுகளையும் சட்டத்துக்கு வெளியே வைத்தது. 2002ஆம் ஆண்டின் 26ஆம் இலக்கத் திருத்தம் இந்த விலக்கை மேலும் விரிவாக்கியது. குறித்த வருடாந்தப் பெறுமதிக்கு மேற்பட்ட வர்த்தக நிலையங்கள் ஏற்கெனவே விலக்கப்பட்டவை. வெள்ளவத்தையில் அண்மைக் காலங்களில் எழுந்த தொடர்மாடிகளில் குடியிருப்போர், 1972ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தமக்குக் கேடயமாகக் கொள்ள முடியாது. அது இன்று பெரும்பாலும் புறக்கோட்டையின் பழைய கடைகளிலும், கொழும்பின் பழைய தோட்டங்களிலும், தலைமுறை தலைமுறையாகக் குடியிருப்போரிடமுமே உயிர் வாழ்கிறது.

இந்தச் சுருக்கத்துக்கு நியாயமே இல்லை என்று கூறிவிடவும் முடியாது. 1968ஆம் ஆண்டு மதிப்பீட்டில் உறைந்துபோன வாடகை ஒரு தேநீர்க் கோப்பையின் விலைக்கும் எட்டாத நிலையில், கூரையைத் திருத்த எந்தச் சொந்தக்காரர் முன்வருவார்? ஒரேயொரு வீட்டை வாடகைக்கு விட்டு அதன் வருமானத்தில் வாழ நினைத்த விதவைகளும் முதியவர்களும் பல வருடங்களாக நீதிமன்றப் படியேறிய கதைகள் நம் மத்தியில் ஏராளம். அவர்களுள் தமிழரும் முஸ்லிம்களும் உள்ளனர். பயந்தவர்கள் வீடுகளைப் பூட்டியே வைத்தனர். எனினும், மிகையான பாதுகாப்பைத் திருத்தப் புறப்பட்ட சட்டவாக்கத்தினர், ஒரு திகதிக்கு இப்பால் உள்ளவர்களைப் பாதுகாப்பே இல்லாத இடத்தில் விட்டனர். தேவையைப் பாராமல் திகதியைப் பார்த்துக் காப்பளிக்கும் இந்த முறையே இன்றைய அநீதியின் வேர் என்பது எமது கருத்து.

ஒப்பந்தமே சட்டமாகும்போது

வாடகைச் சட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு ரோமன் டச்சுச் சட்டமும் ஒப்பந்தமுமே எஞ்சுகின்றன. இங்கேதான் பலர் ஏமாறும் பொறி உள்ளது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசு ஒருவரினதும் இரு சாட்சிகளினதும் முன்னிலையில் எழுதிக் கையொப்பமிடப்படாவிடின் சட்டவலு அற்றது என 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கூறுகிறது. நொத்தாரிசுச் செலவை மிச்சப்படுத்த முத்திரை ஒட்டிய தாளில் 'இரண்டு வருடங்கள்' என எழுதிக் கையொப்பமிட்டுவிட்டு, இரண்டு வருடங்களுக்குக் கவலையில்லை என்றிருக்கும் குடியிருப்பாளர், சட்டத்தின் கண்களில் மாதாந்த வாடகையாளராகவே கொள்ளப்படக்கூடும். மாதாந்த வாடகையை ஒரு நாட்காட்டி மாத அறிவித்தலுடன் முடிவுறுத்தலாம். அதற்குக் காரணம் கூற வேண்டிய அவசியமும் இல்லை.

வாடகை உயர்வும் இதனுடன் பின்னிப் பிணைந்ததே. செல்லுபடியான தவணைக் குத்தகையின் இடைநடுவில் சொந்தக்காரர் தன்னிச்சையாக வாடகையைக் கூட்ட முடியாது. எவ்வளவு, எப்போது கூட்டலாம் என்பது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். மாதாந்த வாடகையாளருக்கு இந்தக் காப்பு இல்லை. "புதிய வாடகை இது, விருப்பமில்லையெனில் மாத அறிவித்தல்" என்று கூறினால் அவரால் செய்யக்கூடியது மிகச் சொற்பம். கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்ட 2022ஆம் ஆண்டு செப்டெம்பரை அண்டிய மாதங்களில் இவ்வேறுபாட்டின் பெறுமதியைப் பல குடும்பங்கள் உணர்ந்திருக்கும்.

சொந்தக்காரர் மாறினாலும் குத்தகை தானாக முடிவதில்லை என்ற ரோமன் டச்சு விதி மாத்திரம் குடியிருப்பவருக்கு ஓரளவு ஆறுதல் தருவது. வீட்டை விற்றுவிட்டோம் என்பது உடனே வெளியேறுவதற்கான காரணமாகாது.

பூட்டை உடைக்க எவருக்கும் உரிமையில்லை

எந்தச் சட்டம் பொருந்தினாலும், தவணை முடிந்திருந்தாலும், வாடகை நிலுவையில் இருந்தாலும், நீதிமன்றக் கட்டளையின்றி ஒருவரைப் பலவந்தமாக வெளியேற்ற முடியாது. மாவட்ட நீதிமன்றத்தின் கட்டளையைப் பிஸ்கால் அதிகாரி நிறைவேற்றுவதே முறையான வழி. ஆட்களை அனுப்பிச் சாமான்களை வீதியில் எறிதலும், வெளியே சென்ற நேரம் பார்த்துப் பூட்டை மாற்றுதலும் சட்டத்தைக் கையிலெடுப்பதாகும். இவ்வாறு வெளியேற்றப்பட்டவருக்கு 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66ஆம் பிரிவு விரைவான நிவாரணம் ஒன்றைத் தருகிறது. பொலிஸாரோ பாதிக்கப்பட்டவரோ விடயத்தை நீதிமன்றத்தின் முன் வைக்கலாம். அவ்வாறு வைக்கப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் பலவந்த வெளியேற்றம் நிகழ்ந்திருந்தால், இறுதி உரிமை யாருடையது என்பதை ஆராயாமலேயே உடைமையை மீள ஒப்படைக்க நீதிமன்றம் கட்டளையிடலாம். சமாதானம் பேசிப் பேசி அந்த இரண்டு மாதங்களைக் கடத்திவிடுவோரே அதிகம்.

எமது சமூகங்களுக்கு வெளியேற்றம் வீட்டுக்காரரிடமிருந்து மாத்திரம் வந்ததில்லை. 2007ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் திகதி கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த 376 தமிழர்கள் அதிகாலையில் பஸ்களில் ஏற்றப்பட்டுத் தலைநகருக்கு வெளியே அனுப்பப்பட்டனர். மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் தாக்கல் செய்த மனுவின் பேரில் மறுநாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. அன்றைய பிரதமர் இரத்னசிறி விக்கிரமநாயக்க பின்னர் வருத்தம் தெரிவித்தார். லொட்ஜ் அறையில் தங்குபவர் வாடகைச் சட்டம் கருதும் குடியிருப்பாளர் அல்லர். அவரைக் காத்தது, விரும்பிய இடத்தில் வசிக்கும் சுதந்திரத்தைக் கூறும் அரசியலமைப்பின் 14(1)(ஏ) உறுப்புரை போன்ற அடிப்படை உரிமைகளேயாகும். ஆனால் அடிப்படை உரிமை மனு அரச நிர்வாகச் செயல்களுக்கு எதிரானது. 2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களின் பின்னர் நீர்கொழும்பில் வாடகைக்கு வாழ்ந்த நூற்றுக்கணக்கான பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான் அகதிகள், கும்பல்களின் மிரட்டலுக்கு அஞ்சிய வீட்டுக்காரர்களால் வெளியேற்றப்பட்டு, பொலிஸ் நிலையத்திலும் வழிபாட்டிடத்திலும் தஞ்சமடைய நேரிட்டது. இனத்தையோ மதத்தையோ காரணங்காட்டித் தனிநபர் ஒருவர் வீடு தர மறுக்கும்போது அந்த மனு உதவுவதில்லை.

சொந்தக்காரர்களின் நெடுநாள் குறையைத் தீர்க்கும் நோக்கில் 2023ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கச் சட்டம் வந்துள்ளது. குத்தகைக்கு விட்ட இடத்தின் உடைமையை மாவட்ட நீதிமன்றத்தின் மூலம் விரைவாக மீளப்பெற இது வழி செய்கிறது. வழக்கைப் பல வருடங்கள் இழுக்கலாம் என்ற பழைய நம்பிக்கையில் இருப்போர், நீதிமன்றிலிருந்து கட்டளை கிடைத்ததும் அதில் குறிக்கப்பட்ட திகதியைத் தவறவிடாமல் தமது எதிர்வாதத்தை முன்வைப்பது மிக அவசியம்.

மீளப்பெறுதல் விரைவாக்கப்பட்டதைப் போலவே, குடியிருப்பவருக்குரிய அறிவித்தல் காலமும் நீட்டப்பட வேண்டும் என்பது நியாயமான கோரிக்கையாகும். வருடக்கணக்கில் குடியிருந்த ஒருவருக்கு ஒரு மாதம் போதாது. பாடசாலைத் தவணையின் நடுவில் வெளியேற்றாமை, வாடகை உயர்வை வருடத்துக்கு ஒருமுறை என வரையறுத்தல், முற்பணத்தைத் திருப்பிக் கொடுப்பதற்குத் திட்டமான கால எல்லை ஆகியன சொந்தக்காரரின் உரிமையைப் பறிப்பன அல்ல. கொழும்பில் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முற்பணம் வாங்கப்படும் நிலையில், அப்பணம் பற்றிய ஏற்பாடே முதலில் வேண்டப்படுவது.

அதுவரை, மாதந்தோறும் பற்றுச்சீட்டுப் பெறுதல் அல்லது வங்கி மூலம் வாடகை செலுத்துதல், ஒப்பந்தத்தின் பிரதியொன்றைத் தம்மிடம் வைத்திருத்தல், வாடகை எப்போதிருந்து ஆரம்பமானது என்பதற்கும் கட்டடம் எப்போது கட்டப்பட்டது என்பதற்கும் சான்றுகளைத் திரட்டுதல் ஆகியவற்றைக் குடியிருப்போர் செய்துகொள்ளலாம். சட்டத்தரணிக்குக் கட்டணம் செலுத்த இயலாத குறைந்த வருமானத்தினருக்கு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இலவச ஆலோசனை வழங்குகிறது. அறிவித்தல் கிடைத்த அன்றே, மேற்கூறிய ஆவணங்களுடன் அங்கு செல்வது நன்று.